முன்னால் போகும் விளக்குகள்

முன்னால் போகிற வண்டியின் சக்கரத் தடம் சாலையில் இல்லை.

தோரூன் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்று அப்படி அடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கச் சரிவிலிருந்து கிளம்பிய பனித்தூள் சாலையைக் குறுக்கே கடந்து, ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு நொடி மின்னி, வலது பக்கப் பள்ளத்துக்குள் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றில் ஒரு பட்டாளமே நடந்து போயிருந்தாலும் தடம் மிஞ்சாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போனது. அவளுக்கு முன்னால் போவது பால் டேங்கர். அதற்கும் முன்னால் இரண்டு சரக்கு லாரிகள், எல்லாவற்றுக்கும் முதலில் பனி வாரும் வண்டி. இத்தனை பேர் உழுதுகொண்டு போன சாலை, அப்போதுதான் விரித்த படுக்கை மாதிரி சுருக்கமே இல்லாமல் கிடந்தது.

பால் டேங்கரின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவள் வேகம் குறைத்தால் அவையும் குறைத்தன, கூட்டினால் கூட்டின. நல்ல ஓட்டுநர்தான், பின்னால் வருகிறவரைக் கவனித்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நேரமென்னவோ பிற்பகல்தான். இந்த வடகோடியில் டிசம்பரில் வெளிச்சம் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற விருந்தாளி மாதிரி. தட்டைக் கழுவுவதற்குள் எழுந்து போய்விடும். கடலோரத்தில் மீன் பெட்டிகளை ஏற்றும்போது கொஞ்சம் நீல வெளிச்சம் இருந்தது. மலையடிவாரக் கேட்டுக்கு வருவதற்குள் முழு இருட்டு.

ஏழு வருஷம் கழித்து இதுதான் அவளுடைய முதல் நீண்ட ஓட்டம். கணவன் ஹால்வாருக்குப் பக்கவாதம் வந்த அன்று லாரியை நிறுத்தியவள், அப்புறம் சாவியைத் தொடவில்லை. ஏழு குளிர்காலம் அவனுக்குக் கரண்டியால் ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், அவன் பாதி வாயால் சொல்வதை எல்லாம் புரிந்துகொள்ளப் பழகினாள். போன வசந்தத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு வீட்டில் கடிகாரம் நடக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. இனி இங்கே உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, மகன் வயசுப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்து, உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

லாரி மாறிப்போயிருந்தது. அவள் ஓட்டிய காலத்து லாரி வாயைத் திறக்காது. இது ஓயாமல் பேசியது. கோட்டைத் தொட்டால் கத்தும், கொட்டாவி விட்டால் காபி குடிக்கச் சொல்லும், பக்கத்தில் ஒரு முயல் ஓடினாலும் பீப் பீப் என்று ஊரைக் கூட்டும். மாமியார் மாதிரி ஒரு வண்டி. காலையிலிருந்து தோரூன் அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தாள். கேபினில் டீசல் வாடை, ரப்பர் வாடை, பின்னால் பெட்டியிலிருந்து மெல்லக் கசிகிற மீன் வாடை. இதற்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அந்த வண்டி பேசுவதை நிறுத்தியிருந்தது. எப்போது நிறுத்தியது என்று யோசித்தாள். நினைவில்லை.

*

கிளம்பும் முன், மலையடிவாரக் கேட்டில் காவலுக்கு ஸ்வேர நின்றிருந்தான். காற்று மிஞ்சினால் இந்த மலைச் சாலையில் யாரும் தனியாகப் போகக் கூடாது. கேட்டை மூடி, வண்டிகளைச் சேர்த்து, பனி வாரும் வண்டியை முன்னால் விட்டு, கடைசியில் ஒரு காவல் வண்டி வைத்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கான்வாயாகத்தான் அனுப்புவார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஸ்வேர ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டு வந்தான்.

"யாரு, தோரூனா? அடக் கடவுளே, நீ இன்னும் உயிரோட இருக்கியா?"

"உன் மூஞ்சியை இன்னொரு தடவை பாக்கணும்னு விதி இருக்கே."

அவன் சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஹால்வார் விஷயம் கேள்விப்பட்டேன். வந்திருக்கணும். வரல."

"விடு, பரவால்ல."

"சரி, பழைய பாடம்தான். நாலு விளக்கும் மின்னிட்டே இருக்கட்டும். முன்னாடி இருக்கிற சிவப்பை விட்றாத. நடுவுல நிக்காத, வண்டியத் திருப்பாத. என்ன ஆனாலும் கீழ இறங்காத. இறங்கினா அப்புறம் பனி உருகினப்புறம்தான் உன்னைத் தேடணும்."

"டேய், இதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்டா."

பின்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவன் இறங்கி, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வந்தான். பெயர் ஷேத்தில் என்றான். பின் சீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மலைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய அம்மா இருக்கிறாள்; ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் இவனிடம். பண்டிகைக்கு அம்மா முறை.

"தப்பா நினைக்காதீங்க, நான் கான்வாய்ல போனதே இல்ல. கையெல்லாம் நடுங்குது. உங்க பின்னாடியே வரட்டுமா? லாரி விளக்கு பெருசா தெரியும்ல."

"வா. அதுக்கென்ன? என் விளக்கைப் பாத்துட்டே வந்தின்னா வீட்டுக்கு வந்த மாதிரி வந்துடலாம்."

பிள்ளைகள் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். பெரியவள் மாரென், எட்டு வயசிருக்கும். சின்னவள் ஈடா, பள்ளிக்கூடம் போகிற வயசில்லை. ஈடா லாரியின் பக்கச் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மீனு."

"உயிரோடயா?"

"தூங்குதுடி கண்ணு."

"எப்ப எழுந்திருக்கும்?"

"செத்துப்போச்சுடி லூசு," என்றாள் மாரென். "செத்ததுனாலதான் ஐஸ்ல வெச்சிருக்காங்க. இல்லையா?"

தோரூன் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஷேத்திலுக்குத் தன் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்து, அவனுடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு, ஏதாவது என்றால் கூப்பிடச் சொன்னாள். அவன் முகம் தெளிந்தது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஏழு வருஷமாக ஒரு மனிதன் அவளை நம்பிப் படுத்துக் கிடந்தான். இப்போது மறுபடியும் யாரோ நம்பி வருகிறார்கள், அதுவும் இரண்டு குழந்தைகளோடு. அவர்களைப் பத்திரமாக அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். மீன் பெட்டிகளைவிட அதுதான் இன்றைய சரக்கு என்று நினைத்தபடி கியரைப் போட்டாள்.

*

இப்போது அந்தக் காரின் விளக்குகளைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு வெள்ளைப் புள்ளிகள் சரியான இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. பையன் பயப்படாமல் ஓட்டுகிறான். அவற்றுக்கு முன்னால், அவளுடைய சொந்தச் சக்கரங்கள் போட்ட தடம் ஆழமாக, கறுப்பாக நீண்டிருந்தது.

அவளுடைய தடத்தைக் காற்று அழிக்கவில்லை.

தோரூன் பார்வையை முன்னால் திருப்பினாள். சிவப்பு விளக்குகளுக்குக் கீழே வெள்ளை. அப்பழுக்கில்லாத வெள்ளை. ஏதோ கண் கோளாறு, ஏழு வருஷம் வீட்டுக்குள் கிடந்த கண், பனி வெளிச்சத்துக்குப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை.

வேறு எதையாவது பார்க்கலாம் என்று சாலையோரக் கம்புகளைப் பார்த்தாள். பனி விழுவதற்கு முன்பே சாலையின் இரண்டு விளிம்பிலும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பு நட்டு வைத்திருப்பார்கள். சாலை புதைந்துபோனாலும் கம்புகள் வழி சொல்லும். உச்சியில் சுற்றிய பட்டை ஹெட்லைட்டில் பளிச்சிடும். வலது பக்கம் ஒன்று வந்தது, போனது. அடுத்தது வர நேரமானது. வந்தபோது மிகத் தள்ளி, சாய்ந்து நின்றது. அதற்கடுத்து ஒன்றும் வரவில்லை. இடது பக்கமும் வரவில்லை. பனி வாரும் வண்டி இடித்துத் தள்ளியிருக்கும் என்று நினைத்தாள். எல்லாக் கம்புகளையுமா?

அப்போதுதான் சக்கரத்தின் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்தாள். மலைச் சாலை எவ்வளவு வாரினாலும் கரடுமுரடுதான். பனிக்கட்டித் திட்டுகள், ஒட்டுப்போட்ட தார், வளைவுகளில் சரளை. ஸ்டீயரிங் எப்போதும் உள்ளங்கையில் கொஞ்சம் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. நாற்பது டன் வண்டி வழுவழுவென்று போனது. வளைவே வரவில்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இந்த மலையில் இவ்வளவு நேரம் நேராகப் போகிற சாலை எங்கே இருக்கிறது?

இந்த வழியை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கேட்டைத் தாண்டியதும் ஏற்றம், மூன்று கொண்டை ஊசி வளைவு, ஒரு சுரங்கப்பாதை, அப்புறம் சாலை ஏரியின் ஓரமாகவே போய், மறுபக்கம் இறங்கும். சுரங்கத்தைத் தாண்டியது நன்றாக ஞாபகம் இருந்தது. சுரங்கத்துக்குள் டேங்கரின் பின்பக்கத்தை முழுசாகப் பார்த்தாள், வெள்ளி நிறம், அதில் அழுக்கு ஒழுகிய கோடுகள். வெளியே வந்ததும் ஒரு பெரிய காற்று, எதிரில் முழு வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோய்க் காலை எடுத்தாள். பிறகு சிவப்பு விளக்குகள் மறுபடியும் தெரிந்தன, உயிர் வந்தது. அவற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அவற்றைத்தான். டேங்கரின் முதுகை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை.

நிறுத்தலாமா? கான்வாயில் நிறுத்தக் கூடாது. அவள் சட்டென்று நின்றால் ஷேத்தில் வந்து மோதுவான். சின்னக் கார், அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். அவள் போய்க்கொண்டே இருந்தால் அவனும் பின்னாலேயே வருவான், எங்கே போனாலும். அப்படித்தான் அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. மனிதக் குரலைக் கேட்டதும் தோரூன் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"ஸ்வேர, நாங்க இறங்கியாச்சு." பனி வாரும் வண்டிக்காரரின் தூங்கி வழிகிற குரல். "எல்லாரும் வந்தாச்சு. எண்ணிப் பாத்துட்டேன், சரியா இருக்கு."

"மீன் லாரி?"

"அதுதான் முதல்ல காபிக் கடை வாசல்ல போய் நின்னுச்சு."

"அப்படிப் போடு! தோரூன், கேக்குதா? எப்படி இருந்துச்சு? ஒண்ணும் மறக்கலயே?"

தோரூன் பேசும் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். விரல் படவில்லை. அதற்குள் ஒரு பெண் குரல் சிரித்தது. கொஞ்சம் கரகரத்த, அவசரமில்லாத குரல். ஏழு வருஷமாக ஹால்வாரின் காதோரம் பேசிப் பேசித் தாழ்ந்துபோன குரல்.

"மறக்குமாடா? கை தானா ஓட்டுது."

அது அவளுடைய குரல்.

"ஸ்வேர!" பொத்தானை அழுத்திக் கத்தினாள். "ஸ்வேர, நான் மேலதான் இருக்கேன்! அது நான் இல்ல! எனக்குப் பின்னாடி ஒரு கார் இருக்கு, அதுல குழந்தைங்க இருக்காங்க! கேக்குதா?"

"அப்ப சரி," என்றான் ஸ்வேர, யாரிடமோ. "நான் கேட்டை மூடிட்டு வீட்டுக்குக் கிளம்பறேன். இன்னிக்கு இனிமே யாரையும் மேல விடறதா இல்ல. ரெண்டு பக்கமும் மூடிடுங்க."

கரகரப்பு நின்றது. அவள் அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். ஊமையாகிவிட்டது.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது. எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்படியானால் யாரும் தேடி வரப் போவதில்லை. அவளையும் தேட மாட்டார்கள், அவளுக்குப் பின்னால் வருகிற அந்தப் பிள்ளைகளையும் தேட மாட்டார்கள்.

*

மெல்ல மெல்லத்தான் பிரேக்கை அழுத்தினாள். பின்னால் இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டும், அவன் பயந்து வழுக்கிவிடக் கூடாது. லாரி ஊர்ந்தது. நின்றது.

முன்னால் சிவப்பு விளக்குகளும் நின்றன.

பின்னால் வெள்ளை விளக்குகளும் நின்றன.

காற்று எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. துளி அசைவில்லை. பெட்டியைக் குளிர வைக்கிற மோட்டார் மட்டும் தலைக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்தது. கைபேசியைப் பார்த்தாள், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. முன்னால் போவது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். ஷேத்திலிடம் போய்ச் சொல்ல வேண்டும். காரை அப்படியே பின்னால் எடு, என் தடத்தின் மேலேயே ஏறிப் போ, சுரங்கம் வரும்வரை எந்த விளக்கையும் பார்க்காதே என்று சொல்ல வேண்டும். கீழே இறங்கக் கூடாது என்பது முப்பது வருஷமாக அவள் மற்றவர்களுக்குச் சொன்ன விதி. கதவைத் திறந்தாள்.

குளிர் பல்லைப் பிடித்தது. படியிலிருந்து காலைக் கீழே வைத்ததும் வழுக்கி, கைப்பிடியில் தொங்கினாள். சமாளித்து நின்று, பூட்ஸால் பனியைத் தேய்த்து ஒதுக்கினாள். தார் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் பளபளத்தது. குனிந்து கையால் துடைத்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குள் வெள்ளைக் கீறல்கள், உறைந்துபோன நீர்க்குமிழிகள். அதற்கும் கீழே ஒன்றுமில்லை, இருட்டுதான். அந்த இருட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஏரி.

நாற்பது டன்னை ஓட்டிக்கொண்டு வந்து ஏரியின் மேல் நிறுத்தியிருக்கிறாள்.

காலுக்கடியில், எங்கோ ரொம்பத் தூரத்தில் ஆரம்பித்து, ஒரு நீண்ட முனகல் வந்தது. கம்பியைச் சுண்டினால் வருகிற சத்தம். அது அவளைக் கடந்து போய், கரை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடையவில்லை. லாரியின் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டே, காலைத் தேய்த்துத் தேய்த்துப் பின்பக்கம் நடந்தாள்.

"ஷேத்தில்! வராத! அங்கயே நில்லு!"

வெள்ளை விளக்குகள் அசையவில்லை. லாரியின் கடைசிச் சக்கரத்தைத் தாண்டி அவற்றை நோக்கி நடந்தாள். கண் கூசியது, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நடந்தாள். காரின் மூக்கு தெரியவில்லை. கண்ணாடி தெரியவில்லை. எஞ்சின் சத்தம் இல்லை. இன்னும் நடந்தாள். விளக்குகள் முதலில் இருந்த தூரத்திலேயே இருந்தன. நின்றாள். திரும்பிப் பார்த்தால் லாரி ரொம்பப் பின்னால் இருந்தது. விளக்குகளுக்கும் அவளுக்கும் நடுவில், லாரி வந்த தடம் மட்டும் கிடந்தது. அதன் மேல் வேறு எந்தச் சக்கரமும் ஏறியிருக்கவில்லை.

சட்டைப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி எடுத்தாள். ஷேத்தில்.

"ஷேத்தில்! காரை விட்டு இறங்காத! பிள்ளைங்களையும் இறங்க விடாத, நான் உன் பக்கத்துலதான்..."

"ஹலோ? விட்டு விட்டுக் கேக்குது. கார்லயா?" அவன் சிரித்தான். பின்னணியில் தட்டுகள் உரசுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், ரேடியோவில் பாட்டு. "நான் கடைக்குள்ள வந்து உக்காந்து எவ்ளோ நேரமாச்சு. வாஃபிள் வந்துடுச்சு, ஆறிட்டிருக்கு. ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க."

"எந்த ரெண்டு பேரை?"

"மாரெனையும் ஈடாவையும்தான். உங்க லாரிய விட்டு இறங்க மாட்டேங்கறாங்களா? லாரிய உள்ள பாக்கணும்னு கேட்டதுக்குப் பாவம்னு நீங்க கூட்டிட்டுப் போனா, உங்களையே பாடாப் படுத்தறாங்க போல. இங்கேந்து ஜன்னல் வழியாத் தெரியுது. ஈடா உங்க மடியில உக்காந்து ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கா."

தோரூன் கைபேசியை வாயோடு அழுத்திப் பிடித்தாள்.

"அது நான் இல்ல. ஷேத்தில், கேளு. அது நான் இல்ல. ஓடு. இப்பவே வெளிய ஓடு, அவங்களைக் கீழ இறக்கு."

"என்னது? இரைச்சலா இருக்கு. அட, எஞ்சினைக் கிளப்பிட்டீங்களா? ஒரு சுத்து கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நல்ல பையன். யாரையும் சந்தேகப்படத் தெரியாத பையன். "பெல்ட் போட்டு விடுங்க, ஈடா ஒரு இடத்துல இருக்க மாட்டா."

"ஓடுடா!" தோரூன் அலறினாள். "ஓடு!"

நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம். கதவு மணி. காற்று.

"தோரூன்? எங்க போறீங்க? அந்தப் பக்கம் கேட்டு... கேட்டை மூடிட்டாங்களே. தோரூன், மேல ஏன் போறீங்க?" மூச்சு இரைத்தது. ஓடுகிறான். "நிறுத்துங்க! ஏய்! மாரென்! ஈடா!"

அதற்கு மேல் அவன் கைபேசியில் பேசவில்லை. இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிக் கத்தினான். குரல் தூரமாகிக்கொண்டே போனது. இணைப்பு அறுந்தது.

அவள் திரும்ப அழைத்தாள். சிக்னல் இல்லை. மறுபடியும். இல்லை. பின்னால் இருந்த வெள்ளை விளக்குகள் அணைந்து போயிருந்தன. அங்கே ஒன்றுமே இல்லை.

லாரிக்குத் திரும்பி, அதன் சுவரைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். முழங்கால் எரிந்தது.

சிவப்பு விளக்குகள் காத்துக்கொண்டிருந்தன.

இப்போது அவை அருகில் இருந்தன. அவளுடைய ஹெட்லைட் வெளிச்சம் அந்த வண்டியின் முதுகில் விழுந்தது. பால் டேங்கர் இல்லை. வெள்ளைப் பெட்டி. பின்கதவில் அவளுடைய கம்பெனியின் நீல மீன். நம்பர் பலகையில் அவளுடைய நம்பர். கதவிடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. தோரூன் அதைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மறுபக்க ஜன்னல் கீழே இறங்கியது.

சின்னக் கை ஒன்று வெளியே வந்தது. அதன் மேல் இன்னொன்று. பேருந்தில் போகிற பிள்ளைகள் பின்னால் வருகிறவர்களுக்கு ஆட்டுவார்களே, அப்படி ஆட்டின.

"மாரென்! குதிங்க! ஈடாவைப் பிடிச்சிட்டுக் குதி!"

வண்டி நகர்ந்தது. நடக்கிற வேகம்தான்.

ஓடினாள். கால் வழுக்கியது, கையை ஊன்றி ஓடினாள். நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். நாலு எட்டு வைத்தாள். இன்னும் நாலு எட்டு இருந்தது. வாயில் ரத்தச் சுவை. "குதிங்கடி!" என்று கத்தினாள். உள்ளே யாரோ குழந்தைகளிடம் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார்கள், அவளுடைய குரலில். குழந்தைகள் சிரித்தார்கள்.

சிவப்பு விளக்குகள் தாழ ஆரம்பித்தன.

பனிக்கட்டி உடையவில்லை. ஒரு கீறல் விழவில்லை. முன் சக்கரம் அதற்குள் இறங்கியது. பின் சக்கரம் இறங்கியது. நீல மீன் பாதி தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தோரூன் குப்புற விழுந்து, தவழ்ந்து, நகத்தால் பனியைப் பிறாண்டினாள். கெட்டியாக இருந்தது. கல். உள்ளங்கைக்கு அடியில், கறுப்புக் கண்ணாடிக்குள், இரண்டு சிவப்பு வெளிச்சம் மெதுவாக ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினாள்.

நாலு எட்டுக்கு அப்பால், வெறும் பனியின் மேல், இரண்டு சின்னக் கைகள் மட்டும் மிச்சமிருந்தன. அவை இன்னும் அவளைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.